ஓலை படிக்காத பத்திரிகை

ரெமிஜியஸ் வயித்துல மொதமொதல்ல நெருப்ப வச்சது ஒரு சின்ன செவப்பு இதயம். அன்பியம் வாட்ஸப் குரூப்புல அமல் போட்ட மெசேஜுக்குக் கீழ பவுலின் குத்தினது. பொட்டு அளவுகூட இருக்காது. ரெமிஜியஸ் அத அமுக்கி, வேற யாராவது குத்தியிருக்காங்களான்னு பாத்தான். இல்ல. பவுலின் மட்டுந்தான்.

அன்பியம்னா பெரிய விஷயம் ஒண்ணும் இல்ல. பெங்களூரு அடுகோடில பக்கத்துப் பக்கத்துத் தெருவுல இருக்கற தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்க மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை யாரு வீட்டுலயாவது கூடும். ஜெபமாலை சொல்லி, ரெண்டு பாட்டு பாடி, சுண்டலோ கேசரியோ சாப்பிட்டுட்டுக் கெளம்பும். கொரோனா நேரத்துல கோயில் பூட்டிக் கெடந்தப்போ வீடு வீடா நம்பர் வாங்கி குரூப்ப ஆரம்பிச்சது ரெமிஜியஸ்தான். அப்போலேர்ந்து அவன்தான் அட்மின்.

சொந்த ஊரு போளூர் பக்கம். லிஃப்ட் மெக்கானிக்கா பெங்களூருக்கு வந்தவன், தங்கச்சிங்களக் கட்டிக் குடுத்து முடிக்கறதுக்குள்ள நாப்பதத் தாண்டிட்டான். தங்கறது ஒத்த ரூம். பகல் பூரா எலெக்ட்ரானிக் சிட்டி அபார்ட்மெண்டுங்கள்ல லிஃப்ட்டோட மல்லுக்கட்டிட்டு, ஓசூர் ரோடு டிராஃபிக்ல பஸ்ஸுல தொங்கிட்டு வந்து சேந்தா, வீட்டுல பேச்சுத் துணைன்னு இருக்கறது அந்தக் குரூப்பு ஒண்ணுதான். அதனால அத வாட்ச்மேன் மாதிரி காவக் காத்தான். எங்கிருந்து ஒரு எச்சரிக்கை வந்தாலும் அடுத்த நிமிஷம் குரூப்புல போட்டுருவான்.

"நீல ரோஜான்னு ஒரு வீடியோ வரும். தொறந்தா போன் அப்படியே செத்துரும். நியூஸ்லயே சொல்லிட்டாங்க. எல்லாருக்கும் அனுப்புங்க."

"இந்த நம்பர்ல இருந்து கால் வந்தா எடுக்காதீங்க. எடுத்தா பேட்டரி வெடிக்கும். நம்ம சொந்தபந்தங்களக் காப்பாத்துங்க."

ஒவ்வொண்ணுக்கும் கீழ பவுலின்கிட்டேர்ந்து பதில் வரும். "நல்லவேள சொன்னீங்க ரெமிஜியஸ். நானே தொறந்திருப்பேன்."

அந்த ஒரு வரிக்குத்தான் அவன் அத்தன எச்சரிக்கையும் போட்டது. நீல ரோஜாவ எவனும் கண்ணால பாத்ததில்ல. அதப் பத்தி அவனுக்கு என்ன?

பவுலின் பொறந்து வளந்ததெல்லாம் அடுகோடிதான். தமிழும் கன்னடமும் ஒரே மூச்சுல வரும். பல் டாக்டர் கிளினிக்ல ரிசப்ஷன்ல இருக்கா. புருஷன் தவறி ஆறு வருஷம் ஆச்சு, புள்ளைங்க இல்ல. அவளோட மிக்ஸிய ரெமிஜியஸ் ரிப்பேர் பண்ணிக் குடுத்திருக்கான், கதவுத் தாப்பாள மாத்திக் குடுத்திருக்கான். இதுக்கு மேல ஒரு வார்த்த அவன் வாயிலேர்ந்து வந்ததில்ல. லிஃப்ட் ஷாஃப்டுக்குள்ள கயித்துல தொங்கறதுக்குப் பயப்படாதவன், அவ வாசப்படியில நின்னு 'உங்ககிட்ட ஒண்ணு பேசணும்'னு சொல்லப் பயந்தான்.

ஆனா ஒரு நம்பிக்க இருந்துச்சு. பவுலின் எல்லாருக்கும் ஒரு உறவு வச்சிருப்பா. டெஸ்மண்ட் அண்ணே, மௌரீன் அக்கா, கிளிஃபர்ட் தம்பி. ரெமிஜியஸ மட்டும் வெறும் பேரச் சொல்லித்தான் கூப்பிடுவா. ஒரு நாளும் அண்ணேன்னு சொன்னதில்ல. அந்த ஒண்ண வச்சே அவன் நாலு வருஷத்த ஓட்டினான்.

அப்போதான் அமல் வந்தான்.

எலெக்ட்ரானிக் சிட்டில ஏதோ கம்பெனில கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேல. கம்பெனி கேப் வீட்டு வாசல்லயே எறக்கி விடும். ரெமிஜியஸவிட ஏழெட்டு வயசு சின்னவன், பாத்தா இன்னும் சின்னவனாத் தெரிவான். கல்யாணம் ஆகல. போதாததுக்குப் பாட்டும் பாடுவான். குரூப்புல சேத்து விட்டது யாரு? ரெமிஜியஸேதான். தன் கையாலயே சேத்து, 'வருக வருக'ன்னு ரெண்டு கைகூப்பு வேற போட்டான்.

அடுத்த நாளே நீல ரோஜாவுக்குக் கீழ அமல் எழுதினான்: "அண்ணா, இது பொய்ச் செய்தி. பல வருஷமா பேர மாத்தி மாத்திச் சுத்திட்டு இருக்கு. அப்படி ஒரு வைரஸ் கெடையாது. ஃபார்வர்டு பண்றதுக்கு முன்னாடி செக் பண்ணிடுங்க."

அந்தச் செவப்பு இதயம் விழுந்தது இதுக்குத்தான்.

அத்தோட நிக்கல. ரெமிஜியஸ் எத போட்டாலும் அமல் பின்னாலயே வந்து 'பொய்', 'பழசு', 'ஆதாரம் இருக்கா அண்ணா?'ன்னு கேப்பான். மரியாதையாத்தான் கேப்பான், அதான் இன்னும் எரிச்சல். திட்டியிருந்தா திருப்பித் திட்டியிருக்கலாம். பவுலினோட 'நல்லவேள சொன்னீங்க' கொஞ்சம் கொஞ்சமா அமல் பக்கம் நகந்துச்சு. அதக்கூட ரெமிஜியஸ் பொறுத்துக்கிட்டிருப்பான். பொறுக்க முடியாதது வேற ஒண்ணு. பவுலின் அமலையும் வெறும் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டா. தம்பின்னு சொல்லல. அவனும் ஆபீஸ் பழக்கத்துல, அக்காவும் இல்ல, ஒண்ணும் இல்ல, 'பவுலின்'னு பேரச் சொன்னான். நாலு வருஷமாத் தனக்குன்னு துண்டு போட்டு வச்சிருந்த சீட்டுல எவனோ ஒருத்தன் வந்து ஜம்முன்னு உக்காந்த மாதிரி இருந்துச்சு ரெமிஜியஸுக்கு.

அந்த மாசம் அன்பியம் பவுலின் வீட்டுல. ஜெபம் முடிஞ்சதும் அவ எழுந்து, "இன்னிக்கி அமல் போன் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுவாரு. நான்தான் கேட்டுக்கிட்டேன்"ன்னா.

நான்தான் கேட்டுக்கிட்டேன். ரெமிஜியஸ் அந்த வார்த்தையிலயே மாட்டிக்கிட்டான். எப்போ கேட்டா? எங்க கேட்டா? போன்லயா, நேர்லயா?

அமல் நல்லாத்தான் பேசினான். "இத எல்லாருக்கும் அனுப்புங்கன்னு பயமுறுத்தற மெசேஜ் பெரும்பாலும் பொய்தான். அது போனுக்குள்ள போறதில்ல, நம்ம மனசுக்குள்ள போயி நம்ம கையாலேயே பரவுது. நெஜமான வைரஸ் கூச்சல் போடாது. சிரிச்சிட்டு வரும். போலீஸ் அபராதம் மாதிரி வரும், பேங்க் மெசேஜ் மாதிரி வரும், கல்யாணப் பத்திரிகை மாதிரி வரும். தெரிஞ்சவங்க நம்பர்ல இருந்தே வரும்."

"தெரிஞ்சவங்க குடுக்கற பத்திரிகையையும் தொறக்கக் கூடாதுன்னா, அப்புறம் கல்யாண வீட்டுக்கு எப்படிப்பா போறது? சோறு தேடி மோப்பம் புடிச்சா?"ன்னு ரெமிஜியஸ் கேட்டான்.

எல்லாரும் சிரிச்சாங்க. கிளிஃபர்ட் கையக்கூடத் தட்டினான். ரெமிஜியஸ் ஓரக்கண்ணால பவுலினப் பாத்தான். அவ சிரிக்கல.

"சும்மா இருங்க ரெமிஜியஸ். மனுஷன் நல்லதுக்குத்தான சொல்றாரு"ன்னா. கேசரித் தட்ட மொதல்ல நீட்டினதும் அமலுக்குத்தான். முந்திரி அமல் தட்டுல நெறைய இருந்துச்சு. ரெமிஜியஸ் தட்டுல ஒண்ணுகூட இல்ல. வீட்டுக்குப் போற வழியெல்லாம் அந்த முந்திரி அவன் கூடவே நடந்துச்சு.

மறுநாள் ஞாயித்துக்கிழம பூசையில சாமியார் கல்யாண ஓலை படிச்சாரு. கோயில் கல்யாணம்னா சும்மா முடியாது. மூணு ஞாயித்துக்கிழம, இன்னாரு மகனுக்கும் இன்னாரு மகளுக்கும் கல்யாணம், ஆட்சேபணை இருந்தா சொல்லுங்கன்னு பீடத்துலேர்ந்து படிப்பாங்க. அது படிக்காம இங்க ஒரு கழுத்துலயும் தாலி ஏறாது. அன்னிக்கிப் படிச்சது டெஸ்மண்ட் அண்ணன் பொண்ணு ஜூலியாவுக்கு, மொத ஓலை. டெஸ்மண்ட் அண்ணன் பாட்டுக் குழுவுல நின்னுக்கிட்டே கண்ணத் தொடச்சிக்கிட்டாரு. பூசை முடிஞ்சதும், "மொதப் பத்திரிகைய மாதா காலடியில வைக்க வேளாங்கண்ணி போறேன்"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டுக் கெளம்பினாரு.

செவ்வாக்கெழம காலையில டெஸ்மண்ட் அண்ணன் நம்பர்லேர்ந்து குரூப்புக்கு ஒண்ணு வந்துச்சு. 'திருமண அழைப்பிதழ்'. கீழ, 'குடும்பத்துடன் கண்டிப்பாக வரவும்'.

அடுத்த நிமிஷமே அமல்: "யாரும் தொறக்காதீங்க! இது பத்திரிகை இல்ல. பத்திரிகைன்னா போட்டோவா வரும், இல்லன்னா பி.டி.எஃப்பா வரும். இது பேருக்குக் கடைசில ஏ.பி.கே.ன்னு இருக்கு. போன்ல ஏத்தற ஆப் இது. உங்க எஸ்.எம்.எஸ். எல்லாத்தையும் படிச்சிரும், உங்க பேர்லயே எல்லாருக்கும் போகும். டெஸ்மண்ட் அங்கிள் போன் மாட்டிக்கிச்சு. அவர யாராவது புடிங்க."

மௌரீன் அக்கா டெஸ்மண்ட் அண்ணனுக்குப் போன் போட்டாங்க. ஸ்விட்ச் ஆஃப்.

ரெமிஜியஸ் பொம்மனஹள்ளில பஸ்ஸுல நின்னுக்கிட்டே இதப் படிச்சான். மனசுக்குள்ள விளக்கு எரிஞ்ச மாதிரி இருந்துச்சு. மாட்டினான் அமல்! ஒத்தக் கையால கம்பியப் புடிச்சுக்கிட்டு, இன்னொரு கையோட கட்டைவிரலால அடிச்சான்.

"போன ஞாயிறு ஜூலியாவுக்கு ஓலை படிச்சத நாம எல்லாரும் நம்ம காதால கேட்டோம். அண்ணன் பத்திரிகைய வைக்க வேளாங்கண்ணி போயிருக்காரு. ஓலை படிச்சாச்சு, பத்திரிகை அடிச்சாச்சு. அப்புறம் பத்திரிகை வராம கரண்ட் பில்லா வரும்? போன்ல சார்ஜ் இருக்காது, அதான் ஸ்விட்ச் ஆஃப். நல்ல காரியத்த வைரஸுன்னு சொல்றது பாவம். ஆதாரம் இருக்கா தம்பி?"

அந்தக் கடைசி வரிய அடிக்கறப்போ கேசரியில முந்திரி கெடைச்ச மாதிரி தித்திச்சுது.

பவுலின் எழுதினா: "இப்போ யார் சொல்றத நம்பறது?"

இவ்ளோதான் எழுதினா. ஆனா தராசுல தன்னையும் அமலையும் அவ ரெண்டு தட்டுல வச்சுத் தூக்கிப் பாக்கறான்னு ரெமிஜியஸுக்குப் பட்டுச்சு. இப்போ தன் தட்டு எறங்கணும். எப்படியாவது எறங்கணும்.

"நான் தொறக்கறேன். எல்லாரும் பாருங்க"ன்னு போட்டான்.

"அண்ணா, ப்ளீஸ் வேணாம்"னு அமல்.

ப்ளீஸாம். ரெமிஜியஸ் அமுக்கினான். தெரியாத எடத்துலேர்ந்து வந்த ஆப், ஆபத்தா இருக்கலாம், வேணாம்னு போன் தடுத்துச்சு. இந்தப் போனும் அமல் மாதிரியே பேசுதுன்னு நெனச்சுக்கிட்டான். பரவால்லன்னு அமுக்கினான். எஸ்.எம்.எஸ். படிக்கலாமான்னு கேட்டுச்சு. படி. நம்பரெல்லாம் பாக்கலாமா? பாரு. கடைசில ஒரு வெள்ளப் பக்கம் வந்துச்சு, நடுவுல ஒரு மோதிரம் சுத்திக்கிட்டே இருந்துச்சு. பத்திரிகை வரல. நெட்வொர்க் இல்ல போலன்னு மூடிட்டான்.

"தொறந்துட்டேன். ஒண்ணும் ஆகல. என் போன் நல்லா இருக்கு. யாரும் பயப்பட வேணாம்"னு குரூப்புல போட்டான்.

கொஞ்ச நேரம் கழிச்சு பவுலின்: "தைரியந்தான் உங்களுக்கு."

அன்னிக்கி பூரா ரெமிஜியஸ் லிஃப்ட்டு இல்லாமலே மாடி மாடியா ஏறிடுவான் போல இருந்துச்சு.

புதன்கிழம, எலெக்ட்ரானிக் சிட்டில ஒரு பழைய அபார்ட்மெண்ட். லிஃப்ட் கீழ்த்தளத்துக்கு வந்தா ஒரு குதி குதிச்சு நிக்குதாம். ஷாஃப்டுக்கு அடியில இருக்கற குழிக்குள்ள எறங்கினான். அங்க எண்ணெயும் தண்ணியும் எலிப் புழுக்கையுந்தான் இருக்கும், சிக்னல் இருக்காது. மத்தியானம் வரைக்கும் உள்ளயே கெடந்தான். ஏணியப் புடிச்சு மேல தலைய நீட்டினா, பல்லெல்லாம் தெரிய வாட்ச்மேன் கிருஷ்ணப்பா நிக்கறாரு.

"ஏன் சாமி, மதுவேன்னு ஒரு வார்த்த சொல்லவே இல்ல? ஊட்டா எங்க? சாப்பாட்டுல பிரியாணி உண்டா?"

"யாருக்குக் கல்யாணம்?"

"யாருக்கா? உனக்குத்தான்! நீயே பத்திரிகை அனுப்பிட்டு யாருக்குன்னு கேக்கற?"

ரெமிஜியஸ் கையத் தொடச்சிட்டுப் போன எடுத்தான். சிக்னல் வந்ததும் போன் கையில துள்ளிச்சு. பேரு மேல பேரு. 'வாழ்த்துக்கள் அண்ணா!' 'கடைசில மாட்டிக்கிட்டியா மகனே!' தங்கச்சிங்க மூணு பேரும் மாத்தி மாத்திக் கூப்பிட்டிருந்தாங்க. மூத்தவ, 'எங்ககிட்டக்கூட சொல்லாம அப்படி என்னண்ணே அவசரம்?'னு அழுதுக்கிட்டே வாய்ஸ் அனுப்பியிருந்தா.

ஆனா அதெல்லாம் அவன் கண்ணுலயே படல. எல்லாத்துக்கும் மேல, கடைசியா வந்ததா நின்னது பவுலினோட மெசேஜ்.

திருமண அழைப்பிதழ். குடும்பத்துடன் கண்டிப்பாக வரவும்.

ரெமிஜியஸ் குழிக்கு வெளியவே உக்காந்துட்டான். பவுலினுக்குக் கல்யாணம். யாரு? வேற யாரு? கேசரி, முந்திரி, 'நான்தான் கேட்டுக்கிட்டேன்'. எல்லாம் அப்பவே முடிஞ்சிருக்கு. அன்பியத்துலயே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். இவன் மட்டும் கோமாளி மாதிரி ஜோக் அடிச்சிட்டிருந்திருக்கான். அந்த ரெண்டு பேரையும் பக்கத்துப் பக்கத்துல எழுத்துல பாத்துடணும். 'அமல்' கீழ 'பவுலின்'. பாத்தாத்தான் இந்த நெஞ்சு அடங்கும், இல்லன்னா ஒரேயடியா வெடிக்கும். ரெண்டுல ஒண்ணு நடக்கட்டும்.

நேத்து இதே மாதிரி ஒண்ண அமுக்கினோமேன்னு ஒரு நெனப்பும் வரல. அமுக்கினான்.

போன் கேட்டுச்சு: இந்த ஆப் ஏற்கெனவே உங்க போன்ல இருக்கு. அப்டேட் பண்ணவா?

ஏற்கெனவே இருக்கா? பவுலின் கல்யாணப் பத்திரிகை எப்படி எங்கிட்ட ஏற்கெனவே இருக்கும்?

அப்போதான் மண்டையில எறங்குச்சு. நேத்து டெஸ்மண்ட் அண்ணன்கிட்டேர்ந்து வந்து ஏறினதும் இதுதான். இன்னிக்கித் தன் பேர்ல எல்லாருக்கும் போயிருக்கறதும் இதுதான். தன்கிட்டேர்ந்து பவுலினுக்குப் போயி, அவ தொறந்து, இப்போ அவ பேர்ல திரும்பி வந்திருக்கறதும் இதேதான். பவுலினுக்குக் கல்யாணம் இல்ல!

ஒரு நிமிஷம் சந்தோஷந்தான் வந்துச்சு. அது பேங்க்ல இருக்கறதெல்லாம் போயிருக்குமேன்னு பயம் வர்றதுக்கு முன்னாடி வந்த சந்தோஷம்.

அப்புறம் அவன் வாழ்க்கையில செய்யவே மாட்டேன்னு நெனச்சிருந்த வேலையச் செஞ்சான். கிருஷ்ணப்பா போன வாங்கி அமலுக்குப் போட்டான்.

"அமல், நான் ரெமிஜியஸ். போன்... நீ சொன்னது..."

"தெரியும் அண்ணா. காலையிலேர்ந்து உங்களத்தான் புடிக்கப் பாக்கறேன். முதல்ல போன ஃப்ளைட் மோடுல போடுங்க. போட்டாச்சா? இந்தப் போன்லயே பேங்குக்குக் கூப்பிட்டு கணக்க நிறுத்தச் சொல்லுங்க. அப்புறம் சைபர் கம்ப்ளெயிண்ட் நம்பர் தர்றேன். சாயங்காலம் பவுலின் வீட்டுக்கு வந்துடுங்க, அவங்க போனையும் பாக்கணும்."

'நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல. படுபாவி, அதுலயும் ஜெயிச்சிட்டான்னு ரெமிஜியஸ் நெனச்சான்.

பேங்க்ல கணக்க நிறுத்தினாங்க, ஒண்ணும் போகல. கிருஷ்ணப்பாகிட்ட போனத் திருப்பிக் குடுக்கறப்போ, "நீங்களும் அந்தப் பத்திரிகையத் தொறந்தீங்களா?"ன்னு கேட்டான்.

"எங்க தெறக்க? கண்ணாடிய வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன்"ன்னாரு கிருஷ்ணப்பா. "உன் பேரும் பத்திரிகைங்கறதும் மட்டுந்தான் தெரிஞ்சது. அப்போ ஊட்டா இல்லவா?"

சாயங்காலம் பவுலின் வீட்டுக்குள்ள நொழையறப்பவே பாத்தான். மேஜையில அமல், பக்கத்துல லேப்டாப். எதிர்ல பவுலின், மூக்கு செவந்து உக்காந்திருந்தா. அமல் கழுத்துல இன்னும் கம்பெனி அட்டை தொங்கிச்சு. ரெமிஜியஸ் வழக்கமா உக்கார்ற நாற்காலியிலதான் அமல் உக்காந்திருந்தான். அந்த நேரத்துலயும் அது அவன் கண்ணுல பட்டுச்சு.

போன ரெண்டயும் அமல் அழிச்சு மறுபடி முதல்லேர்ந்து ஏத்தினான். "போட்டோ எல்லாம் போயிரும், பரவால்லியா?"ன்னு கேட்டப்போ பவுலின் வெறுமனே தலையாட்டினா. குரூப்புல நாலஞ்சு பேரு ரெமிஜியஸ் பத்திரிகையத் தொறந்திருந்தாங்க. எல்லாரும் அமல்கிட்ட ஒரே பதிலத்தான் சொல்லியிருக்காங்க. ரெமி அண்ணனே ஒண்ணும் ஆகலன்னாரே. அதோட, ரெமி அண்ணனுக்குக் கல்யாணம்னா எப்படிப்பா தொறக்காம இருக்கறது?

"டெஸ்மண்ட் அங்கிள் பேசினாரு. போன் வெள்ளிக்கிழமையே மாட்டியிருக்கு. பேங்க்ல இன்னும் பாத்துட்டிருக்காங்க"ன்னான் அமல்.

ரெமிஜியஸ் தரையப் பாத்துக்கிட்டு நின்னான். "தப்பு என் மேலதான். நான்தான் வீம்புக்கு..."

"அது சரி அண்ணா. நீங்க தொறந்தது எனக்குப் புரியுது, எம்மேல கோவம்." அமல் லேப்டாப்லேர்ந்து தலையத் தூக்கினான். "எனக்குப் புரியாதது பவுலின்தான். ஏங்க, பேச்ச ஏற்பாடு பண்ணதே நீங்க. ஏ.பி.கே.ன்னா என்னன்னு எனக்கே திருப்பிச் சொன்னீங்க. எல்லாம் தெரிஞ்சும் ஏங்க தொறந்தீங்க?"

பவுலின் எழுந்து அடுப்பாண்ட போனா. பால் பொங்கல, ஆனாலும் கரண்டியால கிண்டினா.

"வைரஸுன்னு தெரியும்"னா, முதுகக் காட்டிக்கிட்டே. "ஓலையும் படிக்கல. அது படிக்காம எங்கேர்ந்து பத்திரிகை வரும்? அதுவும் தெரியும்."

"அப்புறம்?"

"ஊருல போயிப் பண்ணிக்கறாரோ என்னவோ, அங்க படிச்சிருப்பாங்களோன்னு..." கரண்டிய வச்சா. "பொண்ணு யாருன்னு பாக்கணும்னு இருந்துச்சு. அவ்ளோதான். பேரு மட்டும் பாத்துட்டு மூடிடலாம்னு நெனச்சேன். பேரு வரல. மோதிரந்தான் சுத்திச்சு."

பக்கத்து வீட்டுல குக்கர் விசில் அடிச்சுது. ரெமிஜியஸ் சொன்னான், "எனக்கும் அந்த மோதிரந்தான்."

"உங்களுக்கென்ன? நீங்க டெஸ்மண்ட் அண்ணே பத்திரிகையத்தான தொறந்தீங்க?"

"உங்களோடதையும் தொறந்தேன். இன்னிக்கி மத்தியானம். குழியில இருந்து ஏறினதும்."

பவுலின் திரும்பினா. "எதுக்கு?"

ரெமிஜியஸ் அமலப் பாத்தான். அப்புறம் தரையப் பாத்தான். "மாப்பிள்ள பேரு பாக்க."

அமல் இவனப் பாத்தான், அவளப் பாத்தான். கழுத்து அட்டையக் கழட்டி பையில வச்சிட்டு, சிரிப்ப அடக்க இருமினான்.

"சரி, குரூப்புக்கு உடனே ஒரு மெசேஜ் போகணும்"னான். "ரெண்டு பத்திரிகையும் இன்னும் சுத்திட்டிருக்கு. உங்க வாட்ஸப் இன்னும் வரல, என் போன்லயே போட்டுடறேன். அண்ணா, நீங்களே சொல்லுங்க, அடிக்கறேன். அட்மின் நீங்கதான?"

அட்மினாம். சொல்றது இவன், போகப் போறது அமல் பேர்ல. எல்லாரும் இதயம் குத்தப் போறதும் அமலுக்குத்தான். அந்த எரிச்சல் அப்பவும் ஒரு மூலையில இருக்கத்தான் செஞ்சுது. ரெமிஜியஸ் தொண்டையச் செருமிக்கிட்டுச் சொன்னான்.

"என் நம்பர்லேர்ந்தும் பவுலின் நம்பர்லேர்ந்தும் வந்த பத்திரிகை வைரஸ். யாரும் தொறக்காதீங்க. தொறந்தவங்க போன ஃப்ளைட் மோடுல போட்டுட்டு அமலக் கூப்பிடுங்க. ஒண்ணும் ஆகாதுன்னு நான் சொன்னது தப்பு. அமல் சொன்னதுதான் சரி."

அமல் அடிச்சான். அப்புறம் தானா ஒரு வரி சேத்து, சத்தமாப் படிச்சுக் காட்டினான். "ரெண்டு பேருக்கும் கல்யாணம்னு வந்தது பொய்ச் செய்தி. யாரும் நம்ப வேண்டாம், பரப்ப வேண்டாம்."

"சரியா இருக்கா?"ன்னு கேட்டான்.

ரெமிஜியஸ் தலையாட்டினான். வேற என்ன பண்றது? அது உண்மைதான.

பவுலின் காப்பி எடுத்துட்டு வந்தா. முதல் டம்ளர அமல் முன்னாடி வச்சா. எப்பவும் போல அமலுக்குத்தான் மொதல்ல. ரெமிஜியஸ் வயித்துல பழைய நெருப்பு ஒரு தடவ கண்ணத் தொறந்துச்சு.

குனிஞ்சு அமல் போனப் பாத்தவ, வெரலால அந்தக் கடைசி வரியத் தொட்டா.

"இத மட்டும் எடுத்துடுங்க, தம்பி."